கடைக்கு இரும்பு ரேக் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேக் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைக் கேட்கிறார்கள், பிறகு விலையை. எடையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து, நடுவில் தொய்ந்துபோன தட்டைக் காட்டும்போதுதான் வருகிறது. கடைகளுக்கு ரேக் பொருத்தும் வேலையில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். பணம் வீணாகும் இடங்கள் அவைதான்.

எங்கிருந்து தொடங்குவது?

சரக்கிலிருந்து. தரையில் சாக்கட்டியால் 900 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் உள்ள ஒரு கட்டம் வரையுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான சரக்கை அந்தக் கட்டத்துக்குள், கடையில் எப்படி அடுக்குவீர்களோ அப்படியே அடுக்குங்கள். எண்ணிப் பார்த்து, ஒன்றின் எடையால் பெருக்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் குறுக்களவு 85 மி.மீ. என்றால் வரிசைக்கு 10, நான்கு வரிசை, ஆக 40 பாட்டில். 40 கிலோவுக்குச் சற்று மேல். அதே கட்டத்தில் 4 லிட்டர் பெயிண்ட் டப்பாக்களை இரண்டு அடுக்காக வைத்தால் 20 டப்பா நிற்கும். டப்பா ஒன்று 5 கிலோவைத் தாண்டும் என்பதால் மொத்தம் 100 கிலோவுக்குக் குறையாது. காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளை வைத்தால் சில கிலோதான். விற்பவருக்கு இந்த மூன்றும் 'கடை ரேக்'. உங்களுக்கு இவை மூன்றும் வேறு வேறு பொருள்கள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சே மாறிவிடும்.

கோண்டோலா என்கிறார்களே, அது என்ன?

பெரிய சுயசேவைக் கடைகளில் நீங்கள் பார்க்கும் ரேக் அதுதான். இரண்டு தூண்கள், தூணின் அடியில் முன்னோக்கி நீளும் கால், தூண்களுக்கு இடையே பின்பலகை, காலின் மேல் அமரும் அடித்தட்டு, அதற்கு மேல் பிராக்கெட்டுகளில் உட்காரும் தட்டுகள். தூணின் முகத்தில் மேலிருந்து கீழ்வரை சீரான இடைவெளியில் துளைகள் இருக்கும். பிராக்கெட்டின் கொக்கிகளை அந்தத் துளைகளில் மாட்டினால் போதும். ஸ்பேனர் வேண்டாம், நட்டு போல்ட்டு வேண்டாம். தட்டை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் ஒரு நிமிட வேலை.

சுவரை ஒட்டி நிற்பது ஒருபக்க ரேக். கடை நடுவில் நிற்பது இருபக்க ரேக். ஒரே தூணின் இரு முகங்களிலும் தட்டுகள் இருக்கும். வரிசையின் முனையில் குறுக்காக நிற்பது முனை ரேக்.

இதைத் துளையிட்ட ஆங்கிள் ரேக்கோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. எல் வடிவப் பட்டையில் நெடுகத் துளைகள், நட்டு போல்ட்டால் முடுக்கியது. 1947-இல் டிமீட்ரியஸ் கொமினோ தொடங்கிய டெக்சியான் நிறுவனம் அதை உலகெங்கும் பரப்பியது. கிடங்குக்கு அருமையான பொருள். ஆனால் நான்கு மூலையிலும் தூண் நிற்பதால் முன்பக்கம் சரக்கை மறைக்கும், தட்டை மாற்ற போல்ட்டைக் கழற்ற வேண்டும். விற்பனைத் தளத்தில் முன்தூண் இல்லாத கோண்டோலா, பின்னறையில் ஆங்கிள் ரேக் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகும்.

'100 கிலோ தாங்கும்' என்கிறார்கள். நம்பலாமா?

நம்புவதற்கு முன் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்ல வையுங்கள். 100 கிலோ என்பது தட்டு முழுக்கச் சமமாகப் பரவிய பாரமா, நடுவில் ஒரே இடத்தில் வைத்த பாரமா? நடுவில் குவிந்த பாரம், பரவிய பாரத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு தொய்வைக் கொடுக்கும். பட்டியலில் அச்சாகும் எண் பொதுவாகப் பரவிய பாரம்தான்.

அடுத்தது, எவ்வளவு தொய்ந்த நிலையில் 100 கிலோ? உடைந்து விழவில்லை என்பதால் மட்டும் தாங்கியது என்று சொல்லிவிட முடியாது. நீளத்தில் 200-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் அளவு, 900 மி.மீ. தட்டுக்கு அது 4.5 மி.மீ. அதற்கு மேல் போனால் கண்ணுக்கே தெரியும், பாட்டில்கள் நடுவை நோக்கிச் சாயும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: ஒரு தட்டுக்கு 100 சரி, ஒரு தூண் மொத்தம் எவ்வளவு தாங்கும்? ஐந்து தட்டு இருந்தால் 500 கிலோ ஏற்றலாம் என்று மனம் தானாகப் பெருக்கிவிடுகிறது. தூண் அப்படிப் பெருக்கிக் கொள்வதில்லை. தட்டுகள் எல்லாம் தூணிலிருந்து முன்னே நீட்டிய கைகள். ஒவ்வொன்றும் தூணை முன்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. ஒருபக்க ரேக்கில் அந்த வளைவு எல்லாம் சேர்ந்து தூணின் அடியில், காலோடு சேரும் இடத்தில் குவிகிறது. தட்டுக்கு ஓர் எண், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட முழுப் பகுதிக்கு ஓர் எண், இரண்டையும் எழுதி வாங்குங்கள். இரண்டாவது எண்ணைத் தர மறுப்பவரிடம் முதல் எண்ணுக்கும் மதிப்பில்லை.

கேஜ் என்றால் என்ன? எத்தனை கேஜ் வாங்குவது?

தகட்டின் தடிமனைச் சொல்லும் பழைய அளவு. எண் கூடினால் தகடு மெலியும். முதல்முறை கேட்பவர்கள் இதில் தலைகீழாக விழுகிறார்கள். பிரிட்டிஷ் கேஜ் அட்டவணைப்படி 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. ஒன்றுக்கு மேற்பட்ட கேஜ் அட்டவணைகள் புழக்கத்தில் இருக்கின்றன, அவை சிறிது வேறுபடும். அதனால் கேஜை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். பூச்சு இல்லாத தகட்டின் தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள்.

சொன்ன தடிமன் உண்மைதானா என்று பார்க்க மைக்ரோமீட்டர் தேவையில்லை, தராசு போதும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. ஆகவே 0.7 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5.5 கிலோ, 0.9 மி.மீ. தகடு 7 கிலோவுக்குச் சற்று மேல். 900-க்கு 400 அளவுள்ள ஒரு தட்டின் மடிப்புகளையும் விரித்து அளந்தால் சுமார் 0.45 சதுர மீட்டர் வரும். 0.9 என்று சொல்லி விற்ற தட்டு 3.2 கிலோ நிற்க வேண்டும். 2.5 கிலோ காட்டினால் உங்கள் கையில் இருப்பது 0.7. பவுடர் பூச்சு நூறு கிராம் அளவுக்குக் கூட்டும், அவ்வளவுதான். மாதிரித் தட்டு ஒன்றை வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் ஆர்டர் கொடுப்பேன். சரக்கு வந்து இறங்கியதும் நடுவிலிருந்து ஒன்றை உருவி மறுபடி நிறுப்பேன். சந்தேகப் பிராணி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

ஆனால் தடிமன் மட்டும் தட்டுக்கு வலு தருவதில்லை. பலம் மடிப்பில் இருக்கிறது. முன் விளிம்பு 30 மி.மீ. கீழே மடங்கி, மறுபடி உள்ளே மடங்கியிருந்தால் மெல்லிய தகடுகூட விறைப்பாக நிற்கும். தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு தாங்குபட்டை பற்றவைத்திருந்தால் நல்லது. விளிம்பு ஒரே மடிப்போடு கத்திபோல நின்றால், தடிமன் எவ்வளவு சொன்னாலும் கனமான சரக்குக்கு வேண்டாம். கையையும் கிழிக்கும்.

900 மி.மீ. நீளத் தட்டா, 1,200 மி.மீ. தட்டா? நீளம் கூடினால் தூண் குறையுமே?

தூண் குறையும், விலையும் குறையும். அதனால்தான் 1,200-ஐ முன்னே தள்ளுகிறார்கள். தொய்வின் கணக்கு இரக்கமில்லாதது. ஒரே சரக்கை ஒரே நெருக்கத்தில் அடுக்கினால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது நீளம் இரு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. 900-இலிருந்து 1,200-க்குப் போகும்போது நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, தொய்வோ 3.16 மடங்கு ஆகிறது. அதே தட்டு, அதே தகடு. துணி, பொம்மை, காகிதப் பொருள் என்றால் 1,200 தாராளமாகப் போடலாம். திரவம், பெயிண்ட், இரும்புச் சாமான் என்றால் 900-ஐத் தாண்டாதீர்கள்.

'எங்களுடையது உயர்பலம் கொண்ட எஃகு, தொய்யாது' என்று ஒரு பதில் வரும். உயர்பல எஃகு நிரந்தரமாக வளைவதற்கு அதிக பாரம் கேட்கும் என்பது உண்மை. ஆனால் விறைப்பு எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றே. தொய்வு குறைய வடிவம் மாற வேண்டும். எஃகின் பெயர் மாறினால் போதாது.

ஆழம் எவ்வளவு வேண்டும்?

ஆழம் என்பது பின்பலகையிலிருந்து முன் விளிம்பு வரை. 300 முதல் 500 மி.மீ. வரை கிடைக்கும். ஆழமான தட்டு வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் நிறைய வைக்கலாம். 400-ஐ 500 ஆக்கினால் சரக்கு கால் பங்கு கூடுகிறது. அதோடு பாரம் தூணைவிட்டுத் தள்ளியும் போகிறது. கொக்கியில் விழும் முறுக்கம் ஒன்றரை மடங்குக்கு மேல்.

கடைக்காரரின் பார்வையில் இன்னொரு கணக்கு. மெதுவாக விற்கும் சரக்கை ஆழமான தட்டில் ஐந்து வரிசை அடுக்கினால், பின்வரிசை தூசிக்குத்தான். மேலே போகப் போக ஆழத்தைக் குறையுங்கள்: அடித்தட்டு 500, நடுவில் 400, கண்ணளவில் 300. கீழ்த்தட்டில் இருப்பதும் நின்றவாறே தெரியும், மேல்தட்டு நெற்றியில் இடிக்காது. அடித்தட்டைவிட ஆழமான தட்டை மேலே ஒருபோதும் போடாதீர்கள்.

ரேக் கவிழுமா?

கவிழும். அலமாரி கவிழ்ந்து அடிபடுவது கற்பனை அல்ல. கீழ்த்தட்டில் ஏறி மேலே எட்டும் குழந்தைகளும் அதற்கு ஆளாகிறார்கள்.

ரேக்கின் உயரம் அதன் கால் ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போனால், சுவரிலோ தரையிலோ கட்டாயம் பிடிப்பு வேண்டும் என்பது நல்ல கைவிதி. 400 மி.மீ. கால் என்றால் 1,600 மி.மீ. உயரம் வரைதான் தனியே நிற்கலாம். சுவர் ரேக் பொதுவாக 2,100 மி.மீ. அல்லது அதற்கு மேல் போவதால் ஒவ்வொரு தூணையும் சுவரில் பிடிக்க வேண்டும். சுவர் வெறும் ஜிப்சம் பலகையாக இருந்தால் அதன் பின்னே உள்ள சட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பலகையில் இறக்கிய திருகு பாரத்தின் முன் நிற்காது.

நடுவில் நிற்கும் இருபக்க ரேக் இயல்பிலேயே சமநிலை உள்ளது, இரண்டு பக்கமும் பாரம் இருக்கும்வரை. கணக்கெடுப்பு நாளில் ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விடுவார்கள். அன்றுதான் சாயும். மேல்தட்டிலிருந்து காலி செய்யுங்கள், கீழ்த்தட்டிலிருந்து நிரப்புங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி.

நடு ரேக்கின் உயரத்தை 1,350 முதல் 1,500 மி.மீ.-க்குள் வைத்தால் ஊழியர்கள் கடை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கூரையில் தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதன் கீழே 450 மி.மீ.-க்குக் குறையாமல் காலி இடம் விடுங்கள். உங்கள் ஊரின் தீயணைப்பு விதி அதைவிட அதிகம் கேட்டால் அதுவே செல்லும்.

பவுடர் கோட்டிங்கில் நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பவுடர் கோட்டிங் என்பது மின்னூட்டம் ஏற்றிய பொடியை இரும்பின்மேல் தூவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்கி இறுகச் செய்வது. 60 முதல் 80 மைக்ரான் தடிமன் நல்ல பூச்சு (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). ஆயுளைத் தீர்மானிப்பது அதற்கு முந்தைய வேலை: எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, அலசிக் காயவைத்தார்களா? அதைத் தவிர்த்தால் ஒரு வருடத்தில் ஓரங்களில் கொப்புளம் எழும், தோல்போல உரியும்.

சோதனை எளிது. மாதிரித் தட்டில் கண்ணில் படாத இடத்தில் கூரிய கத்தியால் நெடுக்கில் ஆறு, குறுக்கில் ஆறு கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இரும்பு தெரியும்வரை கீறுங்கள். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் அந்தப் பட்டறையை விட்டு நகருங்கள். ஆய்வகங்கள் செய்யும் குறுக்குக் கீறல் சோதனையின் எளிய வடிவம் இது.

வெயில் படும் முகப்பில் வைக்கிறீர்களா? பாலியெஸ்டர் பொடி கேளுங்கள். எபாக்ஸி பொடி வெயிலில் வெளிறி மாவு பூத்ததுபோல் ஆகிவிடும்.

துருவுக்கு அஞ்சி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா?

ஈரம் நிற்கும் இடத்துக்கு மட்டும். உலர்ந்த கடைக்கு அது வீண்செலவு. 304 வகை பெரும்பாலான தேவைக்குப் போதும். கடற்கரையை ஒட்டியோ உப்புநீர் தெறிக்கும் இடத்திலோ மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். காந்தம் ஒட்டினால் போலி என்பது முழு உண்மை அல்ல: 304-ஐ மடித்த ஓரத்தில் இலேசாக ஒட்டும், காந்தத்தை நன்றாகவே இழுக்கும் 430-உம் உண்மையான ஸ்டெயின்லெஸ்தான்.

சாதாரண ரேக்கில் துரு தொடங்குவது எப்போதும் அடியில், துடைக்கும் தண்ணீர் தேங்கும் காலில். காலின் கீழே மட்டம் திருகும் நைலான் குமிழ் இருந்து, இரும்பு தரையைத் தொடாமல் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மரத்தட்டு அழகாக இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் துகள் பலகையும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் தொடர்ந்த பாரத்தின் கீழ் நாளுக்கு நாள் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். எஃகு அறை வெப்பத்தில் அப்படிச் செய்யாது. எஃகுத் தூண், எஃகு பிராக்கெட், அதன்மேல் மரத்தட்டு என்று இலேசான சரக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

பின்பலகையில் துளை உள்ளது, இல்லாதது. எதை எடுப்பது?

கொக்கியில் தொங்கவிடும் சிறு சரக்கு இருந்தால் துளையுள்ளது. துளைகளின் இடைவெளி பொதுவாக 25 மி.மீ. தொங்கும் சரக்கே இல்லாதவருக்குத் துளை தூசிதான். எதை எடுத்தாலும் பின்பலகை இல்லாமல் வாங்க வேண்டாம். தூண்கள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன, ஒன்று மிகக் குறைவு. என்ன சிக்கல் இருக்கும்?

தூண்களை எண்ணுங்கள். வரிசையாக நிற்கும் பகுதிகள் நடுத்தூணைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐந்து பகுதிக்கு ஆறு தூண் போதும். முதல் பகுதிக்கு ஒரு விலை, தொடரும் பகுதிக்குக் குறைந்த விலை என்று பிரித்திருப்பார்கள். ஒருவர் தொடர் பகுதியின் விலையை மட்டும் காட்டியிருப்பார், மற்றவர் பத்துத் தூணுக்குக் கணக்குப் போட்டிருப்பார். அடித்தட்டு, காலின் முன் மறைக்கும் அடிமறைப்பு, தட்டின் முன் விளிம்பில் விலைச்சீட்டு செருகும் பட்டி, முனைத் தூணின் மூடி, பொருத்தும் கூலி ஆகியவை சேர்ந்தனவா என்றும் வரிவரியாகப் பாருங்கள். தட்டுகளின் எண்ணிக்கையில் அடித்தட்டு சேருமா சேராதா என்பதில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது.

பழைய ரேக் வாங்கலாமா?

நல்ல யோசனைதான், ஒரே தயாரிப்பாளருடையதாக இருந்தால். துளைகளின் இடைவெளி சிலருக்கு 25 மி.மீ., சிலருக்கு 50. இடைவெளி ஒன்றாக இருந்தாலும் கொக்கியின் வடிவமும் துளையின் வடிவமும் மாறும். வேறொருவரின் பிராக்கெட் மாட்டினாற்போல் இருக்கும், பாரம் ஏறியதும் நழுவும். வாங்குமிடத்திலேயே ஒவ்வொரு வகைப் பிராக்கெட்டையும் தூணில் மாட்டி, கீழிருந்து மேலே தட்டிப் பாருங்கள். கழன்று வந்தால், கொக்கி நழுவாமல் பிடிக்கும் பூட்டுமுள் இல்லை என்று பொருள். உதிரித் தட்டுகளும் பிராக்கெட்டுகளும் கூடுதலாக வாங்கி வையுங்கள். நின்றுபோன வகைக்குப் பிறகு கிடைக்காது.

பொருத்தும்போது எதைக் கவனிப்பது?

தரையின் மிக உயரமான இடத்தைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். மற்ற கால்களைக் குமிழைத் திருகி அந்த மட்டத்துக்கு உயர்த்தலாம். பள்ளத்தில் தொடங்கினால் தரையைத்தான் செதுக்க வேண்டிவரும். அடித்தட்டில் ரசமட்டம், தூணில் தூக்குக்குண்டு, இரண்டும் சரியான பிறகே மேல்தட்டு. ரேக்கில் விளக்கு பொருத்தினால் 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. பட்டையே நல்லது. வீட்டு மின்னழுத்த வயர் ஓடினால் இரும்புச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

நடைவழியை மறந்துவிட்டு ரேக்கை நெருக்குகிறவர்கள் அதிகம். சக்கர நாற்காலி செல்ல 900 மி.மீ. குறைந்தபட்சம், அது திரும்ப 1,500. தள்ளுவண்டி வைத்திருக்கும் கடையில் 1,200-க்குக் குறைத்தால் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். பின்வாங்கியவர் அந்த வரிசைக்குத் திரும்ப வருவதில்லை.

தொய்ந்த தட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பயன்படுத்தலாமா?

முதலில் சரக்கை எல்லாம் இறக்கிவிட்டு, முன் விளிம்பில் ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். தட்டு நேராகத் திரும்பியிருந்தால் எஃகுக்கு ஒன்றும் ஆகவில்லை; பாரத்தைக் குறைத்தால் போதும். காலியான பிறகும் நடுவில் இறக்கம் நின்றால் அது நிரந்தரமாக வளைந்துவிட்டது. மடிப்புகள் கீழ்நோக்கி இருக்கும்படி செய்த தட்டைக் கவிழ்த்தால் பிராக்கெட்டில் உட்காராது, உட்கார்ந்தாலும் பிடிப்பிருக்காது. அதை இலேசான சரக்குக்கு மாற்றுங்கள், அல்லது பழைய இரும்புக்குப் போடுங்கள்.

தட்டைவிடப் பிராக்கெட்டைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். முனை கீழே சாய்ந்திருந்தால் தட்டைக் கழற்றி, கொக்கியையும் தூணின் துளையையும் விளக்கடித்துப் பாருங்கள். கொக்கி வளைந்திருந்தால் அந்தப் பிராக்கெட்டைத் தூக்கி எறியுங்கள். சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மறுபடி மாட்ட வேண்டாம். துளையின் கீழ் உதடு நசுங்கியிருந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு மேலேயோ கீழேயோ மாட்டுங்கள். கிழிந்திருந்தால் தூணையே மாற்ற வேண்டும்.